வேண்டா வெறுப்பாகச் சம்மதித்தார்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது கௌரவம். இது ஒரு லிஃப்டுக்குள் பிறந்தது. நான் குடியிருக்கும் கட்டடத்தில், இரண்டு மாடிகளுக்கு நடுவே, என்னையும் ஒரு பை வெங்காயத்தையும் வயிற்றில் வைத்துக்கொண்டு லிஃப்ட் நின்றுவிட்டது. வெளியே வந்ததும் கம்பெனிக்குச் சுடச்சுட ஒரு புகார் எழுதினேன். ஆங்கிலத்தில்தான். நமக்குக் கோபம் தலைக்கேறினால் அந்த மொழிதானே வருகிறது. பதில் வந்தது: 'வீ டீப்லி ரிக்ரெட்.' ஆழமாக வருந்துகிறார்களாம். எவ்வளவு ஆழம், அடிக்கணக்கிலா மாடிக்கணக்கிலா என்று விசாரித்து மறுபடி எழுதினேன். அதற்குப் பதில் இல்லை.

பதில் போடாதவர்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பது எழுதுகிறவர்களின் வியாதி. அந்தக் கம்பெனியில் ஒரு மேஜை இருக்க வேண்டும், அதன் பின்னால் ஒருவர் உட்கார்ந்து நாள் முழுக்க ஆழமாக வருந்திக்கொண்டிருக்க வேண்டும். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆகவே, உரிய அனுமதி எதுவும் பெறாமல், நானே ஒருத்தியை உண்டாக்கிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'ஜன்னலுக்கு வெளியே தூறிக்கொண்டிருந்த மழையைப் பார்த்தபடி அவள்' — வேண்டாம். அவள் உட்காரும் இடத்தில் ஜன்னல் கிடையாது. மழை வேண்டுமென்றால் மாடிப்படிக்குப் போக வேண்டும்.

இரண்டாவது தொடக்கம்: 'வருத்தம் என்பது மனிதனுக்கு மட்டுமே' — இதை இங்கேயே விட்டுவிடுகிறேன். வாசகர் இன்னும் எழுந்து போகவில்லை என்றால் அது அவருடைய பெருந்தன்மை.

மூன்றாவது: லிஃப்ட் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் அவள் வேலை பார்த்தாள். வேலை, பதில் எழுதுவது. லிஃப்ட் நின்றது, கதவு மூடவில்லை, நடுவில் விளக்கு அணைந்தது, குழந்தை பயந்தது. எல்லாவற்றுக்கும் அவள் ஆங்கிலத்தில் வருந்துவாள். அலுவலகத்தில் அவளுக்கு 'டீப்லி' என்று பெயர். சின்னவர்கள் 'டீப்லி அக்கா' என்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒரு கடிதத்தில் 'ஹெவிலி ரிக்ரெட்' என்று எழுதிவிட்டாள். மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார்.

"மழைதான்மா ஹெவிலி பெய்யும். கம்பெனி டீப்லிதான் வருந்தும். எது எதோட சேரும்னு ஒரு கணக்கு இருக்கு. அப்பாலஜைஸ்னா சின்சியர்லி. ரெகமெண்ட்னா ஸ்ட்ராங்லி. டினைன்னா கேட்டகாரிக்கலி. ஜோடியை மாத்தவே மாத்தாதே."

"மாத்தினா என்ன சார்?"

"நாம நிஜமாவே யோசிச்சு எழுதியிருக்கோம்னு நினைச்சுடுவாங்க."

(இந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டுரை. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். ஒரு செயல் எப்படி நடந்தது என்று சொல்லும் சொல்லுக்கு வினையடை என்று பெயர். ஆங்கிலத்தில் வினையும் வினையடையும் பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தம் மாதிரி. ஜோடி முன்பே முடிவாகிவிடும். தமிழ் மட்டும் என்ன, காதல் கல்யாணமா? தேம்பித் தேம்பி அழத்தான் முடியும், தேம்பித் தேம்பிச் சாப்பிட முடியாது. மாங்கு மாங்கென்று உழைக்கலாம், தூங்க முடியாது. வாயாரப் புகழலாம், வாயாரத் திட்டினேன் என்று எழுதினால் அச்சுக்கோப்பவரே திருத்திவிடுவார். நல்ல எழுத்தாளன் வினையடைகளை வெட்டிவிட வேண்டும் என்று எனக்கு அறிவுரை சொன்னவர் ஒருவர் உண்டு. அந்த அறிவுரையைக் 'கண்டிப்பாகப்' பின்பற்றச் சொன்னார்.)

அவள் வேகமாகக் கற்றுக்கொண்டாள். சில வருஷங்களில் கம்பெனியின் வருத்தம் முழுவதும் அவள் கையிலிருந்துதான் போனது. அவளுக்கு அதில் கூச்சமும் இல்லை, பெருமையும் இல்லை. மாவு மில்லில் வேலை செய்பவர் மேல் மாவு படிவது போல அவள் மேல் அந்தச் சொற்கள் படிந்திருந்தன, அவ்வளவுதான்.

3

அவளுக்கு ஒரு தம்பி. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அங்கே இங்கே அலைந்துகொண்டிருந்தவனை இதே கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்த்துவிட்டது அவள்தான். சிபாரிசுக் கடிதத்தில் 'ஸ்ட்ராங்லி ரெகமெண்ட்' என்று தட்டச்சு செய்தபோது, அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஜோடிக்குள் உண்மை இருந்தது. தம்பி நல்ல வேலைக்காரன். வாய் கொஞ்சம் நீளம்.

ஒரு காலை, அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில், லிஃப்டின் மோட்டார் அறையில் அவன் கை மாட்டிக்கொண்டது. லிஃப்டைத் தூக்கும் கம்பி வடம் ஒரு பெரிய கப்பி மேல் ஓடும். வடத்துக்கும் கப்பிக்கும் நடுவே போன வலது கையில் இரண்டு விரல் மிஞ்சவில்லை. மெயின் சுவிட்சை அணைக்காமல் அங்கே கை வைக்கக் கூடாது என்பது விதி. கதவிலேயே சிவப்பில் எழுதியிருக்கும்.

அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடோடிப் போனாள். தம்பியின் மனைவி வராண்டாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே தம்பி மயக்கமும் தெளிவுமாகக் கிடந்தான். அக்காவைப் பார்த்ததும் சொன்னான்:

"இனிமே என்னை யாரும் விரல் நீட்டிப் பேசுறான்னு சொல்ல முடியாதுக்கா."

அவளால் சிரிக்க முடியவில்லை. "ஏன்டா ஆஃப் பண்ணலை?" என்று மட்டும் கேட்டாள்.

"மேனேஜர் சார் வேண்டாம்னுட்டாரு" என்று சொல்லிவிட்டு அவன் தூங்கிப்போனான்.

4

இனி மேனேஜர். இவரை எழுதும்போது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. முதல் வரைவில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார், ஆள் சினிமா வில்லன் மாதிரி ஆகிவிட்டார். அடித்துவிட்டேன். அவருக்கு நல்ல குணங்கள் கொடுக்கிறேன். ஊழியர் எல்லாருடைய பிறந்தநாளும் அவருக்கு ஞாபகம் இருக்கும். விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரிக்கு அவரே வந்தார், பழக்கூடையோடு. கூடையில் சீக்கிரம் குணமாக வாழ்த்தும் அட்டை இருந்தது. தம்பி மனைவியின் தலையைத் தொட்டு, "நான் இருக்கேன்மா, தைரியமா இரு" என்றார். கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. இப்படிப்பட்டவர்களை எழுதுவதுதான் கஷ்டம்.

மறு வாரம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உட்காரும்மா. சாப்டியா? தம்பி எப்படி இருக்கான்?"

"இருக்கான் சார்."

"இன்ஷூரன்ஸுக்கு ஒரு விபத்து அறிக்கை போகணும். எப்படி நடந்துச்சுன்னு. நீதான் எழுதணும்."

"நானா சார்? என் தம்பி சார் அவன்."

"அதனாலதான்மா உன்கிட்ட கொடுக்கிறேன். வேற யார்கிட்டயாவது கொடுத்தா 'டெலிபரேட்லி' விதியை மீறினான்னு எழுதித் தள்ளிடுவாங்க. வேணும்னே பண்ணான்னா நஷ்டஈடு கிடையாது, வேலையும் போயிடும். நீ 'கேர்லெஸ்லி'ன்னு எழுது. கவனக்குறைவு. பாதியாவது கிடைக்கும். வேலையையும் நான் எப்படியாவது பார்த்துக்கிறேன்."*

அவள் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்தபடி கேட்டாள்:

"சார், சுவிட்சை ஆஃப் பண்ண வேண்டாம்னு நீங்க ஃபோன்ல சொன்னதா..."

"நான் சொன்னேனா? 'சீக்கிரம் முடி'ன்னுதான் சொன்னேன். சீக்கிரங்கிறது வெறும் அட்வெர்ப்மா. அதையெல்லாம் ஒருத்தன் உத்தரவுன்னு எடுத்துக்கிட்டா நான் என்ன பண்ண முடியும்?"

* அக்காவிடமே தம்பியின் அறிக்கையை எழுதச் சொல்வார்களா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். எனக்கும் வந்தது. அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "கருணையோட சொல்வாங்க" என்றார்.

5

அன்று சாயந்தரம் தம்பி வீட்டுக்குப் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டிருந்தான். ஒற்றை அறையும் சமையலறையும். துவைத்த துணியெல்லாம் நாற்காலியில் குவிந்திருந்தது. அதை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டுத் தம்பி மனைவி அவளை உட்காரச் சொன்னாள். தம்பி இடது கையால் டம்ளரைப் பிடித்துக் காப்பி குடிக்கப் பழகிக்கொண்டிருந்தான். சட்டையில் பாதி சிந்தியிருந்தது. துடைக்கப் போன மனைவியை வேண்டாம் என்று தலையை ஆட்டித் தடுத்தான்.

அவள் மேனேஜர் சொன்னதை ஒளிக்காமல் சொன்னாள். தம்பி மனைவி கேட்டுக்கொண்டே துணிகளை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"அப்போ நீங்க எழுதுற ஒரு வார்த்தையிலதான் எங்க குடும்பம் நிக்குதா அண்ணி?"

"ஆமா."

"என்ன வார்த்தை அது?"

"கேர்லெஸ்லி. கவனமில்லாமன்னு அர்த்தம்."

"இவரா?" என்றாள். "வீட்ல பல்பு மாத்தணும்னாகூட மெயினை ஆஃப் பண்ணிட்டு, என்னைப் பக்கத்துல நிக்க வெச்சு, அப்புறம்தான் ஸ்டூல்ல ஏறுவாரு. இவருக்கா கவனமில்லை?"

தம்பி டம்ளரைக் கீழே வைத்தான். அதற்கே கொஞ்சம் நேரம் ஆனது.

"முழுசா சொல்றேன்கா, கேளு. கப்பியில சத்தம் வருதுன்னு போனேன். ஆஃப் பண்ணிட்டுப் பார்க்கட்டுமா சார்னு ஃபோன் பண்ணிக் கேட்டேன். அந்தக் கட்டடத்துல யாரோ பெரிய மனுஷன் வீட்ல விசேஷம், ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க, லிஃப்ட் நிக்கக் கூடாது, ஓடும்போதே பாருன்னாரு. மாட்டேன் சார்னேன்."

"மாட்டேன்னா சொன்னே?"

"சொன்னேன். 'சரி, விடு, வேற ஆள் அனுப்புறேன். உன்னை ஸ்ட்ராங்லி ரெகமெண்ட் பண்ணாங்களே உன் அக்கா, அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுறேன்'னாரு." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அப்புறம் வேண்டா வெறுப்பா சரின்னேன்."

[இங்கே அவள் அழுதாள் என்று எழுதி, 'தேம்பித் தேம்பி' சேர்த்து, எடுத்து, 'மௌனமாக' போட்டு, அதையும் எடுத்துவிட்டேன். அவள் அழவில்லை. தன் கடிதத்தில் உண்மையாக இருந்த ஒரே ஜோடியை ஒருவர் எடுத்து, அதைக்கொண்டே தம்பியின் கையைக் கப்பிக்குள் தள்ளியிருக்கிறார். அதற்கு எப்படி அழுவது என்று எனக்கே தெரியவில்லை.]

அவள் எழுந்தாள். தம்பியின் சட்டையில் சிந்தியிருந்த காப்பியைத் தன் முந்தானையால் துடைத்தாள். இந்தத் தடவை அவன் தலையை ஆட்டவில்லை.

"வேண்டா வெறுப்பா, இல்ல?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. வேற எப்படிச் சொல்றது?"

6

மறுநாள் அலுவலகத்தில் அவள் அறிக்கையை எழுதினாள். மற்ற வாக்கியங்கள் தாமாக வந்து உட்கார்ந்தன. ஒன்றே ஒன்றுக்குத்தான் காலை முழுவதும் ஆனது.

டெலிபரேட்லி என்றால் அவன் மட்டும்தான் அந்த மோட்டார் அறையில் இருக்கிறான். கேர்லெஸ்லி என்றாலும் அவன் மட்டும்தான். அந்தச் சொற்களுக்கு இன்னொரு ஆள் தேவையில்லை. ஆனால் வேண்டா வெறுப்பாக ஒருவன் தானாகக் கை வைக்க முடியாது. வேண்டா வெறுப்பாகச் சம்மதிக்கலாம், ஒப்புக்கொள்ளலாம், தலையாட்டலாம். சம்மதம் என்றால் அதைக் கேட்ட ஒருவர் எங்கேயாவது இருந்தாக வேண்டும். ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு ஜோடி இருக்கிறது. அவள் அதைப் போட்டாள். மின்சாரத்தை நிறுத்தாமல் வேலை செய்ய மெக்கானிக் 'ரிலக்டன்ட்லி அக்ரீட்'. வேண்டா வெறுப்பாகச் சம்மதித்தார். யாரிடம் என்று எழுதவில்லை. எழுதினால் அந்தத் தாள் மேனேஜர் அறையைத் தாண்டாது.

மேனேஜர் படித்தார். அவர் அறிக்கைகளைப் படிப்பார் என்று சொல்வது மரியாதைக்காக. தேடுவார். 'மேனேஜர்' இருக்கிறதா, 'உத்தரவு' இருக்கிறதா, 'ஃபோன்' இருக்கிறதா. எதுவும் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் பேனா நின்றது.

"கேர்லெஸ்லி போடச் சொன்னேனே?"

"இது ஒத்துவருதான்னு பாருங்க சார்."

அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு யோசித்தார். முகம் மெல்லத் தெளிந்தது.

"அக்ரீட். அதாவது அவனே சம்மதிச்சுத்தான் பண்ணியிருக்கான். ம்... கேர்லெஸ்லியைவிட இது நமக்கு நல்லதுதான். தம்பிங்கிறதால பார்த்துப் பார்த்து எழுதியிருக்கே, ஆனா கம்பெனியையும் விட்டுக்கொடுக்கலை. பரவாயில்லையே!"

கையெழுத்துப் போட்டார். அவர் வினைச்சொல்லைப் பார்த்தார், அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்கவில்லை. ஜோடிகளைத் தலைகீழாக ஒப்பிக்கிறவர்களுக்கு இப்படி நேரும். காது பழகிவிடுகிறது.

7

இனி முடிவு. இரண்டு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், அவள் ராஜினாமாக் கடிதத்தை மேனேஜர் மேஜையில் வீசிவிட்டு, நிமிர்ந்த தலையோடு வெளியே நடக்கிறாள். எழுதி முடித்ததும் எனக்கே கைதட்டத் தோன்றியது. அதனால் அடித்துவிட்டேன். ஒரு குடும்பத்தில் ஒரு கை முடங்கிய மாதத்தில் இன்னொரு சம்பளத்தையும் வீசிவிட்டு நடப்பது, கதை எழுதுகிறவனுக்குச் சுலபம்.

இன்னொன்றில், இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அறிக்கையைப் படிக்காமலே முத்திரை குத்திவிடுகிறது. தம்பிக்குப் பாதி கிடைக்கிறது. எல்லாரும் மிதமாக வாழ்கிறார்கள். இது நடக்கக்கூடியதுதான். இதற்காக எந்தப் பத்திரிகையும் பக்கம் ஒதுக்காது.

ஆகவே இப்படி வைத்துக்கொள்கிறேன். இன்ஷூரன்ஸில் ஒரு பெண் அதிகாரி. அவளுக்கு அன்று வேறு வேலை இல்லை, அல்லது வேலையில் அக்கறை இருந்தது. எது நம்பும்படியாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் அந்த வாக்கியத்தில் நின்றாள். ஃபோனை எடுத்தாள்.

மேனேஜர் அறையில் அப்போது டீப்லி அக்கா ஒரு கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தாள். மேனேஜர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"சார், ஒரு சின்னச் சந்தேகம்" என்றது குரல். "மெக்கானிக் வேண்டா வெறுப்பா சம்மதிச்சார்னு இருக்கு. யார் கேட்டுச் சம்மதிச்சார்?"

மேனேஜர் சாய்ந்தவர் நிமிர்ந்தார். அறிக்கையின் நகலைத் தேடி எடுத்தார். இப்போதுதான் அதை முதல் தடவையாகப் படித்தார் என்று நினைக்கிறேன். படித்துவிட்டு அவளைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். வீட்டுப் பூனை திடீரென்று பேசினால் பார்ப்போமே, அப்படி.

"அது... ஒரு ஃப்ளோல எழுதினது மேடம். அவரா பண்ணதுதான்."

"அவரா பண்ணா எதுக்கு சார் சம்மதம்? எழுதினது யாரு? இருக்காங்களா?"

இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். அதற்குள் அவள், "இருக்கேன் மேடம்" என்றாள்.

அறையில் ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது. மேனேஜர் ஒரு கையால் ஃபோனை மூடிக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார்: "பார்த்துச் சொல்லும்மா. உன் தம்பி வேலை, உன் வேலை, ரெண்டும் இருக்கு. பார்த்துச் சொல்லு."

கையை எடுத்தார்.

"மேனேஜர் சார் கேட்டுத்தான்" என்றாள் அவள்.

வாயிலிருந்து வந்ததே தவிர, அது அவளுக்கே கேட்டதா என்று தெரியவில்லை. இப்படி ஒரு வாக்கியம் தானாகவும் வந்துவிழலாம், தும்மல் மாதிரி. அதற்காக யாரையும் புகழவும் முடியாது, திட்டவும் முடியாது.

ஃபோனில் கரகரவென்று ஏதோ இரைச்சல். பிறகு அந்தக் குரல்:

"லைன் சரியில்லைம்மா, கேட்கலை. இன்னொரு தடவை சொல்லுங்க."

8

முதல் தடவை சொன்னதை அவள் இப்போது விழுங்கிவிடலாம். யாரும் கேட்கவில்லை. மேனேஜர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மிக லேசாகத் தலையை இடமும் வலமும் ஆட்டுகிறார். அவருக்கும் வீடு இருக்கிறது, காலேஜ் படிக்கும் மகள் இருக்கிறாள். நான் கொடுத்த நல்ல குணங்களெல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒன்றும் உதவவில்லை.

அவள் சொன்னாள். அதே வாக்கியத்தை, ஒரு எழுத்துக் குறையாமல். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பக்கம், "சரிம்மா, எழுதிக்கிட்டேன்" என்றது குரல். இவ்வளவும் நடந்தது, இதில் நான் கை வைக்க மாட்டேன். அதற்குப் பிறகு தம்பிக்கு எவ்வளவு கிடைத்தது, யார் வேலை போனது, அலுவலகத்தில் மறுநாள் அவளோடு யார் சாப்பிட உட்கார்ந்தார்கள் என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. கேட்டால், எனக்குத் தெரியாது என்று கேட்டகாரிக்கலி மறுப்பேன்.

எனக்கு முடியாமல் போனது இன்னும் சின்ன விஷயம். இரண்டாவது தடவை அவள் எப்படிச் சொன்னாள்?

'பட்டென்று' என்று போட்டேன். அவள் வீராங்கனை ஆகிவிட்டாள், தம்பியின் ஞாபகமே இல்லாதவள் போலத் தெரிந்தாள். 'தயங்கித் தயங்கி' போட்டேன். மேனேஜர் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. 'மென்று விழுங்கி', 'போட்டு உடைப்பது போல', 'நடுங்கும் குரலில்'. எல்லாம் வேறு யாருக்கோ தைத்த சட்டைகள். கடைசியில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன். அந்த அறையில், அந்த ஏ.சி. சத்தத்தில், அந்தத் தலையாட்டலுக்கு எதிரே நீங்கள் நின்றிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பீர்களோ அதை எழுதிக்கொள்ளுங்கள். பென்சிலில் எழுதுங்கள், மாற்றத் தோன்றும். எதுவும் பொருந்தவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அது இல்லாமலும் வாக்கியம் நிற்கிறது.

"மேனேஜர் சார் கேட்டுத்தான்" என்று அவள் ...................... சொன்னாள்.